கோட்டையூர் மொட்டை மாடியில் விண்படம்: டிராக்கர் கட்டணும், வடக்கு தெரியாது, எதிலிருந்து ஆரம்பிக்க?

#1 கோட்டையூர்மாடி
கையில இருக்கிறது: 24 மெகாபிக்சல் கிராப் சென்சார் டிஎஸ்எல்ஆர், 50 மிமீ எஃப்/1.8, பழைய 135 மிமீ எஃப்/2.8, சுமாரான முக்காலி. 50 மிமீ போட்டு 6 விநாடி திறந்தாலே நட்சத்திரம் கோடா இழுக்குது. வடக்குப் பக்கம் அடுத்த வளவோட உயர மதில், துருவ நட்சத்திரம் தெரியவே தெரியாது. காசை முதல்ல எதில போடறது: டிராக்கரா (வானம் நகர்ற வேகத்துக்குக் காமராவைத் திருப்பற கருவி), காமராவா, டெலஸ்கோப்பா? முடிஞ்சதை வீட்டிலேயே கட்டிக்க நினைக்கிறேன். மரவேலை, சால்டரிங் ரெண்டும் வரும்.

#2 திருகுமரை
டிராக்கர். அதில சந்தேகமே வேண்டாம். காமராவைக் கடைசிக்குத் தள்ளுங்க.

கணக்கு இது: வானம் விநாடிக்கு 15.04 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியில 3600ல ஒரு பங்கு) நகருது. உங்க சென்சாரோட பிக்சல் ஏறக்குறைய 3.7 மைக்ரான். 206.265 × பிக்சல் ÷ குவியத்தூரம்னு போட்டா 50 மிமீக்கு ஒரு பிக்சல் 15.3 ஆர்க்செகண்ட், 135 மிமீக்கு 5.65. அதனால 6 விநாடியில 50 மிமீல 6 பிக்சல் இழுப்பு. எவ்வளவு விலை கொடுத்து காமரா வாங்கினாலும் இது மாறாது.

செட்டிநாட்டுக்கு ஒரு வசதி இருக்கு, யாரும் சொல்றதில்லை. காரைக்குடி 10.1 டிகிரி வடக்கு. துருவ அச்சு (வானம் சுத்துற அச்சு, டிராக்கரோட கீல் இதுக்கு இணையா இருக்கணும்) கிட்டத்தட்ட படுத்த வாக்கில் இருக்கும். ரெண்டு பலகையைக் கீல் போட்டுச் சேர்க்கிற கதவு டிராக்கரை 50 டிகிரி அட்சத்தில கட்டினா சாய்ஞ்சு தொங்கும். நமக்கு மேசை மேல அப்படியே உட்கார்ந்துக்கும். அடிப்பலகையோட வட ஓரத்தைத் தூக்கிவிட்டா போதும், 200 மிமீ நீளத்துக்கு 35.5 மிமீ. ஒரு ஆப்பு சீவி வெச்சா வேலை முடிஞ்சது.

அளவுகள்:

கீல் வடக்கு தெற்கா ஓடணும். கீல் மேற்குப் பக்கம், திருகு கிழக்குப் பக்கம். மேல் பலகை மேல்நோக்கித் திறக்கும். இப்படி வெச்சா காமராவோட எடை எப்பவும் நட்டை ஒரே பக்கமா அழுத்திக்கிட்டே இருக்கும், மரையில ஆட்டம் வராது. திசை மாத்தி வெச்சீங்கன்னா இழுப்பு ரெண்டு மடங்காகும், டிராக்கர் இல்லாததைவிட மோசம்.

எம்6 திரெட் ராடு, மரை இடைவெளி 1 மிமீ. நட்டு நிமிஷத்துக்கு ஒரு சுற்று சுத்தினா, கீல் ஊசியோட நடுவிலிருந்து ராடோட நடுவுக்கு 228.6 மிமீ வரணும். எம்8னா 285.7, எம்5னா 182.8. இரும்புக்கடையில எம்6 கேட்டா சில சமயம் கால் அங்குல ராடைக் கொடுப்பாங்க. பார்வைக்கு ஒண்ணுபோல இருக்கும், மரை 1.27 மிமீ. ஒரு எம்6 நட்டைக் கையோட கொண்டுபோய்க் கடைசிவரை ஓட்டிப் பார்த்து வாங்குங்க.

ராடை நேரா விடாதீங்க. பிளைவுட்ல 228.6 மிமீ ஆரத்தில வளைவு வரைஞ்சு, அதன்மேல கொஞ்சம் கொஞ்சமா வளைக்கணும். நேர் ராடு போட்டா முதல் பத்து நிமிஷம் தாக்குப்பிடிக்கும் (சேர்ந்த பிழை 6 ஆர்க்செகண்டுக்குள்ள), இருபதாவது நிமிஷத்தில 46 ஆகிடும். வளைச்ச ராடைச் சுத்த முடியாது, அதனால நட்டைத்தான் சுத்தணும். ராடோட ஒரு முனையை மேல் பலகையில ரெண்டு நட்டு போட்டு இறுக்கிடுங்க. அடிப்பலகையில 12 மிமீ துளை, அதன்மேல 51100 த்ரஸ்ட் பேரிங், அதுக்கு மேல 60 பல் ஜிடி2 புல்லி, புல்லி தலையில எம்6 நட்டை எபாக்ஸி வெச்சு மையமா ஒட்டணும். மோட்டார்ல இன்னொரு 60 பல் புல்லி, நடுவில பெல்ட். ஒட்டும்போது மையம் தவறினா நிமிஷத்துக்கு ஒரு தடவை படம் இப்படியும் அப்படியுமா ஆடும். எபாக்ஸி காயும்வரை ராடை உள்ளே விட்டே வெச்சிருங்க.

ஒரு மணி நேரத்துக்கு 60 மிமீ ராடு வேணும். ஆரம்பத்தில அது அடிப்பலகைக்குக் கீழே தொங்கும், அதனால பலகையோட கிழக்கு ஓரம் மேசைக்கு வெளியே 5 செமீ நீட்டியிருக்கட்டும்.

மோட்டார்: 28பிஒய்ஜே-48 (படிப்படியா சுத்துற ஸ்டெப்பர்), கூட அதை ஓட்டுற யுஎல்என்2003 போர்டு, நிரல் ஏத்த ஒரு ஆர்டுயினோ நானோ. காமரா, லென்ஸ், பால்ஹெட் (காமராவை எந்தப் பக்கமும் திருப்பற உருண்டைத் தலை) எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோ வரை இது போதும். அதுக்கு மேலன்னா பெரிய நெமா 17 மோட்டார். இங்கதான் நிறைய பேர் வழுக்குறாங்க: இந்த மோட்டாருக்கு ஒரு சுற்றுக்கு 4096 அரைப்படின்னு எல்லா நிரலிலும் எழுதி வெச்சிருக்கும். உள்ளே இருக்கிற பல்சக்கர விகிதம் 64 இல்லை, 63.684. உண்மையான எண்ணிக்கை 4075.8. 4096ன்னு விட்டா அரை சதவீதம் வேகமா ஓடும், 2 நிமிஷப் படத்தில 9 ஆர்க்செகண்ட் இழுப்பு, 135 மிமீக்கு ஒன்றரைப் பிக்சல். ஒரு அரைப்படிக்கு 14.72 மில்லிவிநாடி கொடுங்க. டிலே கட்டளை வேண்டாம், மைக்ரோவிநாடி எண்ணியைப் பார்த்து அடிக்கிற மாதிரி எழுதுங்க. இல்லன்னா நிரல் ஓடுற நேரமும் அதில சேர்ந்துக்கும்.

துளை 228.6க்குச் சரியா விழலைன்னா திரும்பத் துளைக்காதீங்க. 230ல விழுந்திருந்தா 14.72ஐ 228.6 ஆல் பெருக்கி 230 ஆல் வகுத்தா 14.63. நிரல்ல அதைப் போட்டுட்டா சரி. கடைசியா புல்லியில மார்க்கர் புள்ளி வெச்சு, 30 நிமிஷத்தில 30 சுற்று வருதான்னு கடிகாரம் பார்த்துச் சரிபாருங்க (ஆரம் 228.6ஆ இருந்தா). நானோ போர்டோட கடிகாரமும் அவ்வளவு துல்லியம் கிடையாது, இந்தச் சோதனையில அதுவும் சேர்ந்து பிடிபட்டுடும்.

#3 கோட்டையூர்மாடி
மிக்க நன்றி அண்ணே. பலகை எது போடலாம்? 18 மிமீ பிளைவுட் போதுமா, அலுமினியத் தகடா?

#4 பழையசாமான்
காரைக்குடியில இருந்துக்கிட்டு இதைக் கேக்கலாமா! முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய பர்மா தேக்குத் துண்டு தேடுங்க. வீடு பிரிச்ச நிலைக்கட்டை, அலமாரித் தட்டு, எதுவானாலும் சரி. பல பத்து வருஷம் காய்ஞ்ச மரம், ஐப்பசி அடைமழையிலயும் முறுக்காது. புதுத் தேக்கு வாங்கினீங்கன்னா ஆறே மாசத்தில கீல் கோணிக்கும். 300 × 220 மிமீ, 20 மிமீ கனம், ரெண்டு துண்டு. வேலைப்பாடு உள்ள துண்டு கேட்டா கலைப்பொருள் விலை சொல்லுவாங்க, வெறும் பலகையைக் கேளுங்க.

இழைப்புளி வைக்கிறதுக்கு முன்னாடி காந்தத்தை மேல ஓட்டிப் பாருங்க. உள்ளே ஒடிஞ்ச ஆணி இருக்கும், பிளேடு போயிடும்.

கீல்தான் முக்கியம். நீளமான பியானோ கீல் நல்லதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. மலிவு கீல்ல ஊசிக்கும் குழாய்க்கும் இடையே அரை மிமீ ஆட்டம் இருக்கும், அவ்வளவும் படத்தில தெரியும். 4 அங்குலப் பித்தளைக் கீல் ரெண்டு, பலகையோட ரெண்டு கோடியிலயும். ரெண்டு ஊசியும் ஒரே நேர்க்கோட்டில வரணும். நீளமான கம்பி ஒண்ணை ரெண்டு கீலுக்குள்ளயும் ஊசிக்குப் பதிலா விட்டுட்டு அப்புறம் திருகாணி போடுங்க, தானா நேராயிடும்.

#5 திருகுமரை
ஊசி யோசனை அருமை. ஆனா தேக்குதான் வேணும்னு இல்லை. 18 மிமீ மெரைன் பிளைவுட்டுக்கு நாலு ஓரமும் வார்னிஷ் அடிச்சா அதே வேலை செய்யும், விலையும் குறைவு. அலுமினியம் வேண்டாம்னு சொல்ல மாட்டேன், லேத் பட்டறையில கீலையும் சேர்த்துக் கடையக் கொடுக்கிறதா இருந்தா மட்டும்.

#6 கண்மாய்க்கரை
வடக்கு மதில் மறைக்கிறதுக்கு யாரும் இன்னும் பதில் சொல்லலை. அதுதான் பெரிய கேள்வி. நம்ம பக்கம் துருவ நட்சத்திரம் 10 டிகிரி உயரத்தில்தான். மதில் இல்லாவிட்டாலும் தென்னை மறைக்கும், தென்னை இல்லாவிட்டால் கருவேலங்கரி மூட்டம் போடுகிற புகை மறைக்கும். பார்க்காமலே அச்சை வைக்கப் பழகிக்கொள்ளுங்கள்.

உயரக் கோணம் எளிது. போனில் சாய்வுமானி செயலி, அல்லது தச்சர்கள் வைத்திருக்கும் டிஜிட்டல் கோணமானி. கீல் ஊசியின் மேல் வைத்து 10.1 டிகிரி.

திசைக்கு: செட்டிநாட்டு வீடுகள் பெரும்பாலும் முகப்பிலிருந்து பின்கட்டு வரை கிழக்கு மேற்காக ஓடுபவை. ஆகவே குறுக்குச் சுவர் வடக்கு தெற்கு என்று வைத்து ஆரம்பிக்கலாம், ஆனால் அதையே நம்பிவிடாதீர்கள், தெரு வளைவுக்கு ஏற்ப ஓரிரு டிகிரி தள்ளிக் கட்டியிருக்கலாம். போன் காம்பஸ் அதைவிட மோசம். தளத்துக் கம்பி, மோட்டார் காந்தம், இரும்பு மேசை எல்லாம் அதை இழுக்கும்.

சூரியனைப் பயன்படுத்துங்கள். காரைக்குடி 78.8 டிகிரி கிழக்கு, நம் கடிகாரம் 82.5 டிகிரிக்கு ஓடுகிறது. அதனால் இங்கே சராசரி உச்சிவேளை 12:15. பருவத்தைப் பொறுத்து நவம்பர் தொடக்கத்தில் 11:58க்கும், பிப்ரவரி நடுவில் 12:29க்கும் போகும். அன்றைய சரியான நேரத்தை ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபடச் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். தூக்குக்குண்டு ஒன்றைக் கட்டித் தொங்கவிட்டு, அந்த நிமிடத்தில் நூலின் நிழல் விழும் கோட்டைத் தளத்தில் சாக்பீஸால் இழுத்து, பிறகு பெயின்ட் அடித்துவிடுங்கள். அதுதான் உண்மையான வடக்கு தெற்கு. ஜனவரியில் நிழலின் திசை நிமிடத்துக்கு 0.45 டிகிரி மாறும், அதனால் போன் கடிகாரத்தை விநாடி வரை பார்த்துச் செய்ய வேண்டும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் இதைச் செய்யாதீர்கள். சூரியன் உச்சந்தலைக்கு மேல் வரும் நிழலில்லா நாட்கள் அவை, கோடு இழுக்க நிழலே இருக்காது.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? அச்சு அரை டிகிரி தள்ளியிருந்தால் நிமிடத்துக்கு அதிகபட்சம் 8 ஆர்க்செகண்ட் நழுவும். 50 மிமீக்கு அரைப் பிக்சல், கவலையே இல்லை. 135 மிமீக்கு ஒன்றரைப் பிக்சல், அங்கே அடுத்த படி தேவை.

அந்த அடுத்த படி: ஓரியன் இடுப்பின் மேற்கு நட்சத்திரம் மின்டகா வான நடுக்கோட்டில் இருக்கிறது, நமக்கு 80 டிகிரி உயரத்தில் கடக்கும். அது உச்சியை ஒட்டி இருக்கும்போது 135 மிமீ வைத்து 3 நிமிடம் திறந்து, கோடு எந்தப் பக்கம் நீள்கிறது என்று பாருங்கள். நட்சத்திரம் தெற்கே நழுவினால் அச்சின் வட முனை கிழக்கே தள்ளி இருக்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே தள்ளி இருக்கிறது. திருத்தித் திருத்தி எடுங்கள். மின்டகா இல்லாத மாதங்களில் வான நடுக்கோட்டை ஒட்டிய வேறு எந்த நட்சத்திரமும் ஆகும்.

#7 மடிக்கணினிக்காரன்
லேப்டாப்பும் மோட்டார் மவுன்ட்டும் இருந்தா இவ்வளவு சிரமம் வேண்டாம். நினாங்கிற விண்பட மென்பொருள்ல மூன்று புள்ளி துருவச் சீரமைப்புன்னு ஒரு பிளக்இன் இருக்கு. வானத்தில எந்தப் பக்கம் வேணும்னாலும் மூணு படம் எடுத்து, பிளேட் சால்வ் பண்ணி (படத்து நட்சத்திரங்களை வெச்சு அது வானத்தில எந்த இடம்னு கண்டுபிடிச்சு), அச்சு எவ்வளவு தள்ளியிருக்குன்னு சொல்லிடும். துருவம் தெரியணும்னே இல்லை. கண்மாய்க்கரை சொன்னதில ஒண்ணு சேர்க்கணும்: 10 டிகிரி உயரத்தில காற்றுமண்டல ஒளிவிலகல் 5 ஆர்க்நிமிஷம். துருவ நட்சத்திரம் நிஜ இடத்தைவிட அவ்வளவு மேலே தெரியும். போலார்ஸ்கோப்ல (துருவ நட்சத்திரத்தைப் பார்த்து அச்சை வைக்கிற குட்டித் தொலைநோக்கி) பார்த்து வைக்கிறவங்களுக்கு அது நிமிஷத்துக்கு 1.3 ஆர்க்செகண்ட் நழுவல். பலகை டிராக்கருக்கு ஒண்ணுமில்லை, 500 மிமீக்கு மேல போறவங்களுக்குக் கணக்கு.

#8 தேவகோட்டைரஸ்தா
இடையில ஒரு கேள்வி. பழைய ஈக்யூ மவுன்ட் (துருவ அச்சில சுத்துற டெலஸ்கோப் தாங்கி) ஒண்ணு வெச்சிருக்கேன், 10 டிகிரிக்கு இறக்கினா எதிரெடை முக்காலி வடகாலில இடிக்குது. மாடியில நிரந்தரமா தூண் போட்டுடலாமா?

#9 லேத்பட்டறை
முதல்ல எடைக்கம்பியைக் குட்டையாக்கி எடையைக் கூட்டுங்க. அப்பவும் இடிச்சா மவுன்ட்டுக்கும் முக்காலிக்கும் நடுவில 20 செமீ நீட்டிப்புக் குழாய் கடைஞ்சு போடலாம். இன்னொரு வழி, ஒரு கால் தெற்கே பார்க்க முக்காலியைத் திருப்பறது. வடக்கே இடைவெளி கிடைச்சிடும். ஆனா எடை முழுக்க வடக்கே சாயும், தெற்குக் காலில மணல் மூட்டை கட்டாம விட்டா ஒருநாள் மொத்தமா குப்புற விழும்.

தூண் விஷயத்தில கவனம். பழைய வீட்டு மாடி மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரத்து மேல செங்கலும் சுண்ணாம்பும். அறை நடுவில நின்னு நடந்தாலே தளம் அதிரும், அதிர்வு எல்லாம் படத்தில வரும். 6 அங்குல பிவிசி குழாயில கான்கிரீட் நிரப்பினா ஒரு மீட்டருக்கே 42 கிலோ. அதை உத்திரத்து நடுவில வைக்காதீங்க, தாய்ச்சுவர் மேல வர்ற மாதிரி வைங்க. இல்லாட்டி பின்கட்டு மண்ணில ரெண்டடி குழி தோண்டி வைங்க. அதுதான் சரியான இடம்.

#10 கோட்டையூர்மாடி
எங்க வீடும் பழைய தளம்தான். அப்ப டிராக்கர் மேசையையும் சுவர் மேல ஒட்டி வைக்கிறேன். அடுத்தது, ராத்திரி ஒரு மணிக்கு மேல லென்ஸ் பனி மூடிடுமே?

#11 கண்மாய்க்கரை
மூடும். கண்மாய், ஊருணி ஓரம் என்றால் பதினோரு மணிக்கே மூடும். கடையில் விற்கும் ஹீட்டர் பட்டை வேண்டாம், ரெசிஸ்டரில் செய்துகொள்ளலாம். 330 ஓம், அரை வாட், 12 எண்ணம், 2 செமீக்கு ஒன்றாக இரண்டு வயர்களுக்கு நடுவே ஏணிப்படி போலப் பக்க இணைப்பில். மொத்தம் 27.5 ஓம், 12 வோல்ட்டில் 5.2 வாட். இது 135 மிமீ லென்ஸைச் சுற்ற அளவாக இருக்கும். ஒவ்வொரு ரெசிஸ்டரிலும் 0.44 வாட் போகிறது, அரை வாட்டுக்கு விளிம்பு; 1 வாட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். பல இழை வயர் வேண்டும். ஒற்றைக் கம்பி என்றால் சுற்றிச் சுற்றி எடுக்கும்போது சால்டர் முனையில் ஒடியும். வெல்வெட் துணிக்குள் தைத்து வெல்க்ரோ வையுங்கள்.

முழுச் சூடு தேவையில்லை. கண்ணாடி சுற்றுக்காற்றைவிட மூன்று நான்கு டிகிரி கூட இருந்தால் போதும். அதிகச் சூடு கொடுத்தால் லென்ஸ் முன் காற்று அலையும், ஃபோகஸும் நகரும். நானோவிலிருந்தே பிடபிள்யூஎம் (வேகமாக அணைத்து ஏற்றிச் சூட்டைக் குறைக்கும் முறை) கொடுத்து ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட் வழியாக ஓட்டலாம். கடைக்காரர் ஐஆர்எஃப்540 கொடுத்தால் வாங்காதீர்கள், அது 5 வோல்ட்டில் முழுதாகத் திறக்காது, தானே சூடாகும்.

#12 தேவகோட்டைரஸ்தா
காமரா முதுகில பெல்டியர் (மின்சாரத்தில குளிர்ற தகடு) ஒட்டிக் குளிர்விச்சா இரைச்சல் குறையும்னு வீடியோல பார்த்தேன். நம்ம ஊர் வெக்கைக்குப் பிரமாதமா இருக்குமே?

#13 மடிக்கணினிக்காரன்
நம்ம ஊர்ல அதைச் செய்யவே கூடாது. 27 டிகிரி, 85 சதவீத ஈரப்பதம்னு வைங்க, பனிநிலை (காத்தில இருக்கிற ஈரம் தண்ணியா படியற வெப்பநிலை) 24.3 டிகிரி. மூணு டிகிரி குளிர்விச்ச உடனே சென்சார் மேலயும் போர்டு மேலயும் தண்ணி கோத்துக்கும். கடையில விற்கிற குளிர்விப்புக் காமராவுக்குள்ள அறையை முழுசா அடைச்சு உலர்த்தி போட்டிருப்பாங்க. டிஎஸ்எல்ஆரை அப்படி வீட்டில அடைக்க முடியாது.

டார்க் மின்னோட்டம் (ஒளியே இல்லாம சூட்டால சென்சார்ல வர்ற சிக்னல்) ஆறு டிகிரிக்கு ஒரு தடவை ஏறக்குறைய இரட்டிப்பாகும். தை ராத்திரிக்கும் சித்திரை ராத்திரிக்கும் இங்கே அஞ்சாறு டிகிரி வித்தியாசம். காசு செலவில்லாம தை, மாசியில எடுத்தா டார்க் மின்னோட்டத்தில பாதி போச்சு. மீதிக்கு அதே ராத்திரி 20 டார்க் (லென்ஸை மூடி, அதே நேரம் திறந்து எடுக்கிற படம்) எடுங்க. சில படத்துக்கு ஒரு தடவை காமராவைக் கொஞ்சம் நகர்த்தி விடுங்க. சிரில் மென்பொருள்ல படங்களைச் சேர்க்கும்போது வண்ணப் புள்ளிகள் மறைஞ்சிடும்.

#14 திருகுமரை
காமராவில செய்யத் தகுந்த மேம்பாடு வடிகட்டி கழற்றுறதுதான். சென்சார் முன்னாடி இருக்கிற வடிகட்டி 656.3 நானோமீட்டர் எச்-ஆல்ஃபா ஒளியைப் பெரும்பகுதி தடுக்குது. ரோசெட், பர்னார்ட் வளையம் மாதிரி நெபுலா எல்லாம் சிவப்பா வராததுக்கு அதுதான் காரணம். கழற்றுறதுக்கு முன்னாடி ரெண்டு விஷயம். பாப்அப் ஃபிளாஷ் கெபாசிட்டர்ல 300 வோல்ட் தேங்கியிருக்கும், பேட்டரி எடுத்தாலும் போகாது. ரெசிஸ்டர் வெச்சு இறக்கிட்டு வோல்ட்மீட்டர்ல பார்த்துட்டு உள்ளே கை வைங்க. அடுத்தது, கழற்றின கண்ணாடியோட கனத்தில மூணில ஒரு பங்கு ஃபோகஸ் தளம் நகரும். சென்சார் திருகுகளை எத்தனை சுற்று திறந்தீங்கன்னு எழுதி வெச்சாத்தான் திரும்பச் சமமா இறுக்க முடியும். ஒரு மூலை சாய்ஞ்சா படத்தோட ஒரு பக்கம் எப்பவும் மங்கலா இருக்கும். லைவ் வியூவில பாட்டினோவ் முகமூடி (ஃபோகஸ் பார்க்க லென்ஸ் முன்னாடி வைக்கிற கோடு வெட்டின தட்டு) வெச்சு ஃபோகஸ் பண்றவங்களுக்கு இந்த நகர்வு தொல்லை தராது, ஆட்டோஃபோகஸை மறந்துடணும்.

#15 லேத்பட்டறை
மின்சாரம்: டிராக்கர், காமரா, ஹீட்டர் பாதி ஓட்டம், மொத்தம் 8 வாட் தாண்டாது. பழைய யுபிஎஸ்ல இருக்கிற 12 வோல்ட் 7 ஆம்பியர் மணி பேட்டரியில பாதி எடுத்தாலே அஞ்சு மணி நேரம். காமராவுக்கு டம்மி பேட்டரி (பேட்டரி வடிவில வயர் வெச்ச செருகி), வோல்ட்டைக் குறைக்க எல்எம்2596 பக் போர்டு. வோல்ட்டை 7.6ல வெச்சு, மீட்டர்ல பார்த்து, அட்ஜஸ்ட் திருகு மேல நெயில்பாலிஷ் ஒரு சொட்டு விட்டுட்டு அப்புறம் காமராவில செருகுங்க. 2 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம்.

3டி பிரின்ட் பாகம் போடறவங்க பிஎல்ஏ போடாதீங்க. 60 டிகிரியிலயே இளகும். தகரக்கூரை அறையிலயோ, கத்திரி வெயில்ல கார்லயோ வெச்சா புல்லி நீள்வட்டமாயிடும். பெட்ஜி போடுங்க.

#16 பழையசாமான்
டிராக்கரைத் துணி போட்டு மூடி மட்டும் வைக்காதீங்க. த்ரஸ்ட் பேரிங் இடுக்கில குளவி மண்கூடு கட்டும். லென்ஸை சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில, ஈரப்பதம் 40, 50க்குள்ள. ஐப்பசி, கார்த்திகையில ஜெல்லை வாரம் ஒரு தடவை வறுக்கணும்.

#17 கோட்டையூர்மாடி
பலகை, ராடு, மோட்டார் எழுதிக்கிட்டேன். இது எல்லாம் கட்டி முடிச்சா சித்திரை ஆகிடும். 135 மிமீக்கு முதல் குறி எது?

#18 கண்மாய்க்கரை
ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து. வட இந்தியாவில் அடிவானத்தை ஒட்டிக் கிடப்பது நமக்கு 32 டிகிரி வரை ஏறும். ஏப்ரல் நடுவில் நள்ளிரவை ஒட்டி நேர் தெற்கே நிற்கும். எஃப்/4க்கு மூடி, ஐஎஸ்ஓ 800, 60 விநாடி, 60 படம். அதற்கு முன் ஒன்பதரை மணிக்கு கரினா நெபுலா 20 டிகிரியில் இருக்கும், அதையும் எடுத்துவிடலாம். தெற்கே பார்ப்பதால் மதில் பிரச்சினை இல்லை. பால்ஹெட்டை மேல் பலகையில் கீலுக்குப் பக்கமாக வையுங்கள், ராடு பக்கம் வைத்தால் மோட்டாருக்குச் சுமை கூடும். ஃபிளாட் (லென்ஸின் ஓர இருட்டையும் தூசியையும் நீக்க உதவும் வெறும் வெள்ளைப் படம்) எடுக்க மறக்காதீர்கள். வெள்ளைப் பனியன் துணியை லென்ஸ் மேல் இழுத்துக் கட்டி, விடிந்ததும் வானத்தைப் பார்த்து 30 படம், ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல்.